சங்கிலி எட்டும் தூரம்

குமிழி என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் படகுக்காரர்கள். அவள் தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் மேலே இருப்பவர்களுக்குத் தெரிவது எழும்பி வரும் குமிழிகள் மட்டும்தான். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது.

கடல் காப்பகத்தில் அவளுக்கு முக்குளிக்கும் வேலை. மாதம் ஒருமுறை பவளப்பாறைகளில் இறங்கி, எது உயிரோடிருக்கிறது, எது போய்விட்டது என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். விதிப்படி இரண்டு பேர் சேர்ந்து இறங்க வேண்டும். அலுவலகத்தில் இறங்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால், விதியை அலமாரியில் வைத்துவிட்டு அவள் மட்டும் இறங்கினாள். அலுவலகம் ஐஸ் ஃபாக்டரியின் மாடியில் இருந்தது. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேசை, நாற்காலி, மேலாளரின் மூக்குக் கண்ணாடி எல்லாமே லேசாக நடுங்கும். சுவரோரம் காயப்போட்ட நீச்சல் உடைகளிலிருந்து எப்போதும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்.

பவளம் கல் இல்லை, உயிர். இதைச் சொல்லிச் சொல்லியே குமிழிக்கு வாய் வலித்துவிட்டது. சூடு தாங்காமல் அது வெளுக்கும். வெளுத்தது பிறகு தேறலாம், தேறாமலும் போகலாம். சில வருடங்களுக்கு முன் ஒரு கோடையில் கடல் சூடாகி, கரைக்கு எதிரே இருந்த மேடுகள் எல்லாம் எலும்பு நிறத்துக்குப் போயின. தேறியது ஒரே ஒரு மேடுதான். அங்கே மான்கொம்புப் பவளம் புதர் புதராக நின்றது. படகுக்காரர்கள் அதைத் ‘தோட்டம்’ என்பார்கள். அங்கிருந்து விரல் நீளத் துண்டுகளை எடுத்துத்தான் செத்த மேடுகளில் ஒட்டி வளர்த்துக்கொண்டிருந்தது காப்பகம். தோட்டம் போனால் ஒட்டுவதற்கு ஒன்றுமே இருக்காது. கதையில் மற்ற எதுவும் இதைவிடப் பெரிதில்லை.

பவளத்தைக் கொல்ல ஆளுக்கா பஞ்சம்? ஓட்டல்காரர்கள் சாக்கடையைத் திருப்பிவிடுகிறார்கள். துறைமுகத்தை ஆழப்படுத்துகிறேன் என்று சேற்றைக் கிளறி விடுகிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் உடம்பெல்லாம் களிம்பைப் பூசிக்கொண்டு குதிக்கிறார்கள். போகிற போக்கில் வீட்டுக் கண்ணாடி அலமாரிக்கு ஒரு துண்டு ஒடித்துக்கொள்கிறார்கள். இதில் எதையும் ஐஸ் ஃபாக்டரி மாடியில் உட்கார்ந்துகொண்டு குமிழியால் நிறுத்த முடியாது. கடல் சூடாவதை நிறுத்தச் சொல்லி யாரிடம் போய் நிற்பது? ஆனால் நங்கூரத்தை நிறுத்தலாம். ஒவ்வொரு படகும் தோட்டத்துக்கு மேலே நின்று நங்கூரத்தை வீசி எறியும். அது கீழே போய் எதைப் பிடிக்கும்? புதரைத்தான் பிடிக்கும். கிளம்பும்போது இழுத்தால் புதரோடு வரும்.

அதற்காகத்தான் அவள் மிதவை போட்டாள். பவளம் இல்லாத மணல் திட்டாகப் பார்த்து ஒரு கான்கிரீட் கட்டையை இறக்கி, அதிலிருந்து நீலக் கயிறு ஒன்றைக் கட்டி, மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவை. படகு வந்து மிதவையில் கட்டிக்கொள்ளலாம், நங்கூரமே வேண்டாம். படகுக்காரர்களைச் சம்மதிக்க வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர்களில் முதல் எதிர்ப்பாளி அவளுடைய சொந்த அண்ணன். கண்ணாடி அடித்தட்டு வைத்த படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்த் தோட்டத்தைக் காட்டுவது அவன் பிழைப்பு. “உன் பந்தை நம்பி இத்தனை பேர் உசுரைக் கட்டித் தொங்கவிடச் சொல்றியா?” என்று படகுத்துறையில் எல்லாரும் கேட்கக் கேட்டான். ஆனாலும் கடைசியில் கட்டினான்.

மிதவைத் திட்டம் நிலைத்தது, கயிறு நிலைக்கவில்லை. நல்ல கயிறு, கடல் தண்ணீரிலும் இற்றுப்போகாத கயிறு என்று அவள் தேடிப் பிடித்து வாங்கியதுதான் வினையாகப் போயிற்று. ஒரு வாரத்தில் யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்னொன்று கட்டினாள். அதுவும் போயிற்று. மூன்றாவது தடவை அவள் யோசித்தாள். அறுக்கவே முடியாத ஒன்றைப் போட்டால்? கப்பல் பட்டறையிலிருந்து கனமான இரும்புச் சங்கிலி வாங்கி மாட்டினாள். சங்கிலியை யார் கத்தியால் அறுப்பது? மேலாளர் பாராட்டினார். தோட்டம் போக மற்ற மேடுகளுக்கும் இதே மாதிரி மிதவை போடலாம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அலுவலக முற்றத்தில் புதுச் சங்கிலிகள் வந்து குவிந்தன. அவற்றைத் தாண்டித் தாண்டித்தான் எல்லாரும் மாடிக்கு ஏறினார்கள்.

அதற்கடுத்த முறை குமிழி தோட்டத்தில் இறங்கிப் பார்த்தாள். மணல் திட்டை ஒட்டி நின்ற புதர்கள் ஒடிந்து கிடந்தன. ஒடிந்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது, அதாவது புதுசு. பாறையில் எதையோ இழுத்துக்கொண்டு போன தடம் நீளமாகத் தெரிந்தது. நங்கூரம் இழுத்த தடத்தை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், அப்படியேதான் இருந்தது. அந்த மிதவையில் தினமும் வந்து கட்டுவது ஒரே ஒரு படகு. மிதவையை நம்ப மாட்டேன் என்று ஊரறியச் சொன்னவனின் படகு.

அண்ணனிடம் கேட்டாள். கேட்டாள் என்பதைவிட, சொன்னாள் என்பதுதான் பொருத்தம்.

“மிதவைல கட்டிட்டு, காத்துக்குப் பயந்து நங்கூரத்தையும் போட்டிருக்க.”

“போடல.”

“தடம் இருக்கு அண்ணா.”

“நான் போடலன்னு சொல்றேன். அதுக்கு மேல என்ன சொல்லணும்?”

வேறு யாராவது சொல்லியிருந்தால் அவள் இன்னொரு தடவை இறங்கிப் பார்த்திருப்பாள். சொன்னது அண்ணன். அண்ணனுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்ற பயத்தில், அன்றைக்கே மேலாளரிடம் சொல்லிவிட்டாள். சீசன் முடியும்வரை கண்ணாடிப் படகு தோட்டத்துப் பக்கம் போகக் கூடாது என்று தடை வந்தது. தோட்டத்துக்குப் போகாத கண்ணாடிப் படகு எங்கே போகும்? செத்த பவளத்தைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்கள்? படகு துறையிலேயே கட்டிக் கிடந்தது. டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் அண்ணி, குமிழி அந்தப் பக்கம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கவுன்ட்டரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். அத்தனை சுத்தமான கவுன்ட்டர் அந்தத் துறையிலேயே கிடையாது.

அடுத்த மாதம் குமிழி மறுபடி இறங்கினாள். கண்ணாடிப் படகு அந்தப் பக்கமே வரவில்லை. மற்ற படகுகளும் இந்தத் தடைக்குப் பயந்து தள்ளியே நின்றன. அப்படியும் புதுசாக ஒடிந்திருந்தது. போன தடவையைவிட அதிகம். வெள்ளைக் காயங்கள் கட்டையைச் சுற்றி வட்டமாகப் போயிருந்தன.

அவளுக்கு முதலில் புரியவில்லை. யாரோ திருட்டுத்தனமாக வருகிறார்கள், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று நினைத்து அடியிலேயே உட்கார்ந்துகொண்டாள். கடல் வற்றிக்கொண்டிருந்த நேரம். யாரும் வரவில்லை. ஆனால் எங்கிருந்தோ நரநரவென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. விட்டுவிட்டு வந்தது. திரும்பிப் பார்த்தாள்.

தண்ணீர் குறைந்ததும் மேலே மிதவை இறங்கியிருந்தது. மிதவை இறங்கிய அளவுக்குச் சங்கிலி தொய்ந்து தரையில் கிடந்தது. மேலே அலை மிதவையைத் தள்ளும்போதெல்லாம் கீழே சங்கிலி தரையைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தது. ஒரு பக்கம் போயிற்று, பிறகு இன்னொரு பக்கம். அது போன வழியில் ஒரு மான்கொம்புப் புதர் இருந்தது. சங்கிலி அதன் மேல் ஏறி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, அடுத்த அலைக்கு இழுபட்டது. ஒரு கிளை சத்தமில்லாமல் முறிந்து மணலில் விழுந்தது.

கயிறு மிதக்கும். சங்கிலி மிதக்காது. இதைத் தெரிந்துகொள்ள முக்குளிக்கக்கூட வேண்டாம், ஒரு வாளித் தண்ணீர் போதும். திருடனை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்ததில் அவளுக்கு இது தோன்றவே இல்லை. சங்கிலி எட்டும் தூரம் வரை தோட்டத்தை அவளே அரைத்துத் தள்ளியிருக்கிறாள். முகமூடிக்குள் அழுதால் கண்ணைத் துடைக்க வழியில்லை. அவள் அழுதுகொண்டே மிதவையைப் பிடித்துச் சங்கிலியைக் கழற்றி, மணல் திட்டின் நடுவில் சுருட்டி வைத்துவிட்டு மேலே வந்தாள்.

மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மெதுவாகப் பேசினார்.

“பாரும்மா, நாளைக்குப் படகுக்காரங்க சங்கத்துல கூட்டம். எல்லா மேட்டுலயும் மிதவை போட நாளைக்குத்தான் சம்மதம் வாங்கணும். இந்த நேரத்துல போய் மிதவைதான் பவளத்தை உடைச்சுதுன்னு சொன்னா, அவங்க நம்மளைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிச்சுட்டு நங்கூரத்தைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. சங்கிலியை நாம சத்தமில்லாம மாத்திக்கலாம். உங்க அண்ணன் தடை சீசனோட தானா முடிஞ்சிடும். பவளத்துக்கு எது நல்லதுன்னு மட்டும் யோசி.”

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. அதுதான் சங்கடம். நங்கூரம் திரும்பி வந்தால் தோட்டம் ஒரு சீசன்கூடத் தாங்காது. வாயை மூடிக்கொண்டால் தோட்டம் பிழைக்கும், அண்ணன் பொய்யனாகவே இருப்பான். கீழே ஐஸ் இயந்திரம் ஓட ஆரம்பித்தது, மேசை நடுங்கியது. அவள் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

அண்ணன் வீட்டுப் பின்பக்கம் படியில் உட்கார்ந்து லைஃப் ஜாக்கெட்டுகளின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான். அண்ணி ஈரப் போர்வைகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். குமிழியைப் பார்த்ததும் போர்வையைக் கொஞ்சம் பலமாகவே உதறினாள்.

“அண்ணா, நீ நங்கூரம் போடல” என்றாள் குமிழி.

“அதை நான் அன்னிக்கே சொன்னேன்.”

“சங்கிலிதான் உடைச்சிருக்கு. நான் போட்ட சங்கிலி. இன்னிக்குக் கண்ணால பார்த்தேன்.”

அவன் ஊசியை ஜாக்கெட்டில் குத்தி வைத்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“வெளியாள் எவனாவது இருந்தா ரெண்டாவது தடவை போய்ப் பார்த்திருப்ப” என்றான். “அண்ணன்ங்கிறதால ஒரு தடவையே போதும்னு விட்டுட்ட.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். கண்ணீரோடு தலையைத் திருப்பியபோதுதான் கொடியைப் பார்த்தாள். நீலக் கயிறு. கம்பத்தில் மாட்டியிருந்த முனையில் இழைகளைப் பிரித்துப் பின்னிய ஒரு வளையம். குமிழி இடக்கைக்காரி. அவள் பின்னினால் பின்னல் எல்லாரும் பின்னுவதற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பும். அந்த வளையமும் அப்படித்தான் திரும்பியிருந்தது.

“இந்தக் கயிறு ஏது?”

“கடையில வாங்கினது” என்றாள் அண்ணி, கேள்வி முடிவதற்கு முன்பே.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

“அண்ணா!”

“எல்லாரும்தான் எடுத்தாங்க” என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. “நான் எடுத்தது மொதல் தடவை. ரெண்டாவது நான் இல்ல.”

“யாரு?”

“ஒவ்வொரு வீட்டுப் பின்பக்கமும் போய்ப் பாரு. தெருவே உன் கயித்துலதான் துணி காயப்போடுது.”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நீ இதை எடுக்காம இருந்திருந்தா நான் சங்கிலியே போட்டிருக்க மாட்டேன். தெரியுமா உனக்கு?”

“தெரியும். இப்பதான் தெரியும். அதுக்காக நான் நங்கூரம் போட்டவன் ஆயிடுவேனா?”

மாட்டான்தான். இரண்டும் உண்மை, ஒன்று இன்னொன்றைக் கழுவிவிடாது. அவமானமும் ஆத்திரமும் ஒன்றாக வந்ததில் எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் அவள் நின்றாள். அண்ணி போர்வையை இழுத்துக் கயிற்றை மூடப் பார்த்தாள்.

“நாளைக்குக் கூட்டத்துல என்ன சொல்லப் போற?” என்று அண்ணன் கேட்டான்.

“சங்கிலியைப் பத்திச் சொல்லப் போறேன். கயித்தைப் பத்திப் பேச மாட்டேன். அதை எடுத்தவங்க பேசட்டும்.”

சங்கத்துக் கூட்டறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். சங்கத் தலைவருக்குத் தாடி என்று பெயர், தாடியும் உண்டு. மேலாளர் முன்வரிசையில் உட்கார்ந்து குமிழியையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். குமிழி எழுந்தாள். தண்ணீருக்கடியில் அவளுக்கு ஒருபோதும் பயம் வந்ததில்லை. இங்கே முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

“தோட்டத்துல உடைச்சது எங்க அண்ணன் படகு இல்ல” என்றாள். “நான் மாட்டின சங்கிலி. கடல் வத்தும்போது அது தரையில கிடந்து தேய்க்குது. பார்க்காம அவர் மேல பழி போட்டேன். தப்பு என்னோடது.”

எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பின்னால் ஒருவன் விசில் அடித்தான். தாடி மேசையைத் தட்டித் தட்டிக் களைத்துப்போனார்.

“அப்ப நாங்க போட்ட நங்கூரமே தேவலாம்னு ஆச்சு” என்றார் அவர். “நங்கூரமாவது போட்டா எடுத்துடுவோம். நீ பொழுதன்னிக்கும் அரைச்சிருக்க. இதுல மத்த மேட்டுலயும் போடணுமாம்! படிச்சவங்க, தெரிஞ்சவங்கன்னு நம்பினோம் பாரு.”

“சங்கிலி வேண்டாம். கயிறு போடலாம். கயிறு மிதக்கும், தரையில படாது.”

“கயிறுதான் நிக்க மாட்டேங்குதே. திருடன் இருக்கானே” என்று தாடி சிரித்தார். கூட்டமும் சிரித்தது. “மிதவை வேண்டாம்ங்கிறவங்க கையைத் தூக்குங்க.”

கைகள் எழும்பின. குமிழி எண்ணிப் பார்க்கவில்லை, எண்ணத் தேவையும் இல்லை. மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவள் சுவரோரம் நின்ற அண்ணனைப் பார்த்தாள். அவன் கையைத் தூக்கவில்லை. ஆனால் அங்கே நிற்கவும் இல்லை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தான். அவள் மனசு அறுந்தே போயிற்று.

தாடி கைகளை இரண்டு தடவை எண்ணி முடிவைச் சொல்லக் கனைத்தபோது, நாலு வீடு தள்ளியிருந்த தன் வீட்டுக்குப் போய்விட்டு அண்ணன் திரும்பி வந்தான். தோளில் நீலக் கயிற்றுச் சுருள். மேசை மேல் தொப்பென்று போட்டான். அவசரத்தில் உருவி வந்திருக்கிறான், துணி கிளிப்புகள் இன்னும் அதில் கவ்விக்கொண்டிருந்தன.

“மொதல் கயித்தை அறுத்தவன் நான்” என்றான். “நல்ல கயிறா இருந்துச்சு, எடுத்துட்டேன். ரெண்டாவதை எடுத்தவங்க இதே ரூம்ல இருக்கீங்க. நான் பேர் சொல்ல மாட்டேன். ஆனா இவ சங்கிலி மாட்டினது நாம திருடினதால. நங்கூரம் தேவலாம்னா சொல்றீங்க? நங்கூரத்தை இழுக்கும்போது என்ன வருதுன்னு உங்களுக்குத் தெரியாதா? நம்ம படகுல கூட்டித் தள்ளின பவளத்தைச் சேர்த்து வெச்சா வீடே கட்டலாம். அந்த மேடும் போச்சுன்னா, என் படகுக் கண்ணாடியில என்னத்தைக் காட்டறது? என் மூஞ்சியையா?”

யாரும் சிரிக்கவில்லை. தாடி கிளிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, தன் வீட்டிலும் இந்த நிறத்தில் ஏதோ கிடக்கிறது, எப்படி வந்தது என்றே தெரியவில்லை, பையனிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். தூக்கிய கைகள் ஒவ்வொன்றாகத் தலையைச் சொறியப் போயின. மிதவை இருக்கட்டும், கயிற்றில் இருக்கட்டும், காவலும் படகுக்காரர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று. கண்ணாடிப் படகின் தடையை அங்கேயே நீக்குவதாக மேலாளர் அறிவித்தார்.

மறுநாள் காலை சங்கிலியைத் தூக்கக் கண்ணாடிப் படகுதான் வந்தது. அலுவலகப் படகு அந்தக் கனத்தைத் தாங்காது. அண்ணி முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கயிறு போட்டான், குமிழி கீழே போய்ச் சங்கிலியில் கட்டினாள், மூன்று பேரும் சேர்ந்து இழுத்துப் படகில் ஏற்றினார்கள். பிறகு அவள் மிதவையைக் கட்டிய நீலக் கயிற்றை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினாள். கட்டையில் முடிந்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். கயிறு தரையைத் தொடாமல் நின்றது. கீழே ஒடிந்து கிடந்தவற்றில் இன்னும் நிறம் போகாத துண்டுகளைப் பொறுக்கி ஒட்ட எடுத்துக்கொண்டாள். அவை பிழைக்கலாம். மற்ற புதர்கள் பழையபடி வளர அவள் வேலையிலிருந்து ஓய்வு பெறும் காலம் ஆகிவிடும்.

மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். துண்டுகள் இருந்த கூடையை வாங்கி, வெயில் படாமல் ஈரத்துணி போட்டு மூடினான். அவளைத் தூக்கிவிடக் கையும் கொடுத்தான். ஏறியதும் கையை விட்டுவிட்டு அண்ணி பக்கம் திரும்பினான்.

“கயிறு கட்டியாச்சான்னு கேளு” என்றான்.

அண்ணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். குமிழி முகமூடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“கட்டியாச்சுன்னு சொல்லுங்க அண்ணி” என்றாள்.